ஒன்பதாவது பேரு

நான் செத்து நாப்பத்திரெண்டு நாளாச்சுங்கிற விஷயத்தை எனக்குச் சொன்னது கிராம ஆபீஸ் கிளார்க் சுஹார்தி.

ஆபீஸுன்னு சொல்றது ஒரு பேச்சுக்குத்தான். நிஜ ஆபீஸ் பூகம்பத்துல அப்படியே உக்காந்துடுச்சு. இப்ப அது பள்ளிக்கூட மைதானத்துல ஒரு தார்ப்பாய்க் கூடாரம், ரெண்டு மேசை, ஒரு ஜெனரேட்டர். காலையில ஏழு மணிக்கே வரிசையில நின்னேன். முன்னாடி நின்ன பதினோரு பேர்ல பாதிப்பேரு என்னை மாதிரி மலேசியாவுக்குக் காகிதம் வாங்க வந்தவங்க. இந்தோனேசியாவுல எங்க லொம்போக் தீவுல பூகம்பத்துக்கு முன்னாடியும் மலேசியாதான், பின்னாடியும் மலேசியாதான். முன்னாடி வீடு கட்டப் போனோம், இப்ப இடிஞ்ச வீட்டைக் கட்டப் போறோம்.

எனக்குக் கெடைச்சது ஜொகூர்ல ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரி. ரெண்டு வருஷ ஒப்பந்தம். வியாழக்கிழமை காலையில ஏஜென்டோட வேன் வரும், மாதாராம் டவுனுக்குக் கூட்டிட்டுப் போய் மெடிக்கல் எடுப்பாங்க. அன்னிக்கு செவ்வாய். வேண்டியது ரெண்டே காகிதம். கிராம ஆபீஸ் குடுக்கிற சான்று ஒண்ணு, புருஷன் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் ஒண்ணு. கல்யாணமானவளைப் புருஷன் சம்மதம் இல்லாம எந்த ஏஜென்டும் வேன்ல ஏத்தமாட்டான்.

"பேரு?"ன்னான் சுஹார்தி, லேப்டாப்பைப் பாத்துக்கிட்டே.

"இனாக்..."ன்னு ஆரம்பிச்சு நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். "மிஸ்னா."

எங்க சசாக் ஜனங்களுக்கு முதல் புள்ள பொறக்கிற வரைக்கும்தான் சொந்தப் பேரு. புள்ள பொறந்ததும் அது போயிடும். அப்புறம் நீ இன்னாரோட அம்மா, இன்னாரோட அப்பா, அவ்வளவுதான் உன் கதை. எனக்கு நூரிமா பொறந்ததும் ஊரே என்னை இனாக் நூரிமான்னு கூப்பிட ஆரம்பிச்சுது, எம் புருஷன் அமாக் நூரிமா ஆனாரு. எங்கம்மா இருந்தவரைக்கும் மிஸ்னான்னு கூப்பிட ஒரு ஆளாவது இருந்துச்சு. அவங்களும் போனப்புறம் அந்தப் பேரு அடையாள அட்டையில மட்டும்தான் இருந்துச்சு.

சுஹார்தி தட்டினான். மறுபடி தட்டினான். என்னைப் பாத்தான், லேப்டாப்பைப் பாத்தான், மறுபடி என்னைப் பாத்தான். "அட்டையக் குடுங்க"ன்னான். இடிபாட்டுல இருந்து தோண்டி எடுத்த அட்டை, ஒரு மூலை மடங்கியிருந்துச்சு. வாங்கிப் பாத்துட்டு தொண்டையச் செருமினான்.

"நீங்க மௌத்தாயிட்டீங்கம்மா."

"என்னது?"

"லிஸ்ட்ல அப்படித்தான் இருக்கு. மிஸ்னா, பெண், இருபத்தெட்டு வயசு. பூகம்பத்துல சுவர் இடிஞ்சு விழுந்து..."

"தம்பி, உனக்குக் கண்ணு தெரியுதா இல்லையா? எதிர்ல நிக்கிறது யாரு, பேயா?"

பின்னாடி வரிசையில யாரோ சிரிச்சாங்க. "பேய்க்கும் மலேசியா வேணுமாம்பா"ன்னு ஒரு குரல். எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு, சத்தியமா. அந்த நாப்பத்திரெண்டு நாள்ல நான் சிரிச்சது அதுதான் முதல் தடவை.

"நான் என்னம்மா பண்றது? மாவட்டத்துல இருந்து வந்த லிஸ்ட். செத்தவங்களுக்கு வெளிநாடு போகச் சான்று குடுக்கிற அதிகாரம் எனக்கு இல்ல"ன்னு அவன் நெசமாவே வருத்தப்பட்டான். அப்புறம் குரலைத் தணிச்சு, "உங்க வீட்டுல மௌத்தானது யாரும்மா?"ன்னு கேட்டான்.

சிரிப்பு நின்னு போச்சு.

"எம் மக."

"பேரு?"

சொல்ல முடியல. வாயைத் திறந்தா காத்துதான் வருது. அவனே குடும்ப அட்டையை எடுத்துப் பாத்து வாசிச்சான். "நூரிமா, ஒன்பது வயசு, மூணாம் வகுப்பு. உயிரோட இருக்காங்க"ன்னான்.

யா அல்லா. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு என் நெஞ்சு குதிச்ச குதி எனக்குத்தான் தெரியும். என் கையாலதான் அவளைக் குளிப்பாட்டினேன். வெள்ளைத் துணி பத்தாம என் தொழுகைத் துணியைக் கிழிச்சுச் சுத்தினேன். அதெல்லாம் தெரிஞ்சும், ஒரு கண் இமைக்கிற நேரம், ‘அப்படியா, எங்க இருக்கா?’ன்னு அவனைக் கேக்கப் போயிட்டேன்.

அந்த நேரம் பாத்து தரை ஒரு ஆட்டு ஆட்டுச்சு. பின்னதிர்வுதான், சின்னது. சுஹார்தி லேப்டாப்பைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு மைதானத்துக்கு ஓடினான். எல்லாரும் ஓடினாங்க. நான் மட்டும் நின்ன இடத்துலயே நின்னேன். செத்தவளுக்கு என்ன பயம்?

சுஹார்தி திரும்பி வந்து மூச்சு வாங்கிக்கிட்டே ஒரு காகிதத்தைத் தேடி எடுத்து என் முன்னாடி வச்சான். பூகம்பத்துக்கு மறுநாள் எழுதின படிவம். ‘இறந்தவர்: மிஸ்னா. தகவல் தந்தவர்: மஹ்சுன், கணவர்.’ கீழே எம் புருஷனோட கோணல் கையெழுத்து. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. கல்யாணக் காகிதத்துல போட்ட அதே கையெழுத்து.

"இதைத் திருத்தணும்னா அவரே வந்து எழுதிக் குடுக்கணும். ரெண்டு சாட்சி வேணும். யாரு இறந்ததுன்னு சரியான பேரு போடணும்"னான். "நாளைக்குள்ள வந்தீங்கன்னா வியாழக்கிழமை வேனைப் புடிச்சிடலாம்."

அதாவது, நான் உயிரோட வரணும்னா எம் புள்ளையைச் சாகடிக்கணும்.

எப்படி வெளிய வந்தேன்னு தெரியல. கால் பாட்டுக்கு நடக்குது. நடக்க நடக்கத்தான் அந்தச் சிவப்புப் பை ஞாபகம் வந்துச்சு. மூணு வாரம் முன்னாடி, உயிரோட இருக்கிற புள்ளைங்களுக்குன்னு பள்ளிக்கூடப் பை குடுத்தாங்க. எங்க கூடாரத்துக்கும் ஒண்ணு வந்துச்சு, ‘நூரிமா’ன்னு சீட்டு ஒட்டி. நான் அலறிட்டேன். யாரு இந்த விளையாட்டு விளையாடுறது, திருப்பிக் குடுங்கன்னு கத்தினேன். எம் புருஷன் அதைக் கூடார மூங்கில்ல மாட்டி வச்சாரு. அது பாட்டுக்குத் தொங்குது. நான் அந்தப் பக்கம் பாக்காமலே மூணு வாரத்தை ஓட்டினேன். நான் பேனா புடிச்சதே அவ ரிப்போர்ட் கார்டுல கையெழுத்துப் போடத்தான், மூணு வருஷமா வேற எதுக்கும் நான் பேனா எடுத்ததில்ல.

நூடுல்ஸ் பாக்கெட்டும் எங்களுக்கு மூணு பேருக்குத்தான் வந்துச்சு. அவரு, நானு, சின்னவன் ஹம்தி. லிஸ்ட்ல அவரு, நூரிமா, ஹம்தி. ரெண்டுமே மூணு. அதனாலதான் யாருக்கும் சந்தேகம் வரல.

நிவாரணக் கூடாரத்துக்கு வெளிய பலகையில எங்க ஊர்ல மௌத்தானவங்க பேரு ஒட்டியிருக்கும். நான் அந்தப் பக்கமே போனதில்ல. அன்னிக்குப் போனேன். பதினாலு பேரு. ஒன்பதாவது பேரு நான். மழைத்தண்ணி பட்டு மை கொஞ்சம் கலைஞ்சிருந்துச்சு.

பக்கத்துக் கூடாரத்து இனாக் சரிபா குடத்தோட வந்தா. என் கல்யாணத்துக்கு அரிசி புடைச்சவ, பத்து வருஷமா என் வேலியோரம் நின்னு ஊர் வம்பு பேசுறவ.

"என்ன, இங்க வந்து நிக்கிறே?"

"இந்த மிஸ்னா யாருன்னு தெரியுமா உனக்கு?"

"அதான் எனக்கும் புரியல. யாரோ வெளியூர்ப் பொம்பளை போல, விருந்தாட வந்த இடத்துல மாட்டிக்கிட்டா பாவம். அழறதுக்குக்கூட ஆள் இல்லையேன்னு நான் அவளுக்குத் தினம் ஒரு ஃபாத்திஹா ஓதுறேன்."

"ரொம்ப சந்தோஷம். அது நான்தான்."

குடம் கீழ விழுந்துச்சு. "அஸ்தஃபிருல்லா! நீயா? உனக்குப் பேரு இருக்கா?"ன்னு கேட்டாளே பாக்கணும். பத்து வருஷப் பழக்கம்! தலையில அடிச்சுக்கிட்டா. "அய்யய்யோ, உயிரோட இருக்கிறவளுக்கு நாப்பது ஃபாத்திஹா ஓதிட்டேனே, உனக்கு ஏதாவது ஆயிடப்போவுது. புள்ள பேரு லிஸ்ட்ல இல்லைன்னு நானும் பாத்தேன். அப்பன்காரன் எழுத வேணாம்னு அழுதிருப்பான்னு விட்டுட்டேன். வா வீட்டுக்கு, வந்து கொஞ்சம் காப்பி குடி, இனாக் ஹம்..."

சொல்ல வந்ததை முழுங்கிட்டா. அவளுக்குப் பயம். காரணம் இருக்கு.

பூகம்பத்துக்கப்புறம் எம் பேரை என்னால கேக்க முடியல. தண்ணி லாரி வந்தா ‘இனாக் நூரிமா, குடத்தை எடுத்துட்டு வா!’ சோறு வந்தா ‘இனாக் நூரிமா!’ ஒரு நாளைக்கு நூறு தடவை எம் புள்ள பேரு காதுல விழுது, புள்ள இல்ல. நான் திரும்புறதையே நிறுத்திட்டேன். பொம்பளைங்க எல்லாம் கூடிப் பேசி, இனிமே என்னை இனாக் ஹம்தின்னு கூப்பிடறதுன்னு முடிவு பண்ணினாங்க. பாவம்னுதான் பண்ணினாங்க. முதல்ல கூப்பிட்டது சரிபா. எனக்கு எரிஞ்சுது பாருங்க! ஏண்டி, அவ இருந்ததே இல்லைன்னு ஆக்கப் பாக்குறீங்களான்னு, கையில இருந்த சொம்புத் தண்ணியை அவ மூஞ்சியிலயே வீசிட்டேன். அப்படிக் கூப்பிட்டாலும் வலிக்குது, இப்படிக் கூப்பிட்டாலும் வலிக்குது. அதுக்குத்தான் மலேசியா. ஃபாக்டரியில ‘மிஸ்னா’ன்னு போட்டு ஒரு அட்டையைக் கழுத்துல மாட்டிவிடுவாங்க. மிஸ்னாவுக்குப் புள்ளையும் இல்ல, பூகம்பமும் இல்ல. ஹம்தியை ரெண்டு வருஷம் நாத்தனார் பாத்துக்கறதா பேச்சு. நாலு வயசு, சீக்கிரம் மறந்துடுவான்னு எல்லாரும் சொன்னாங்க. அதைக் கேட்டும் நான் போறதுன்னுதான் இருந்தேன்.

கடைசியில போறவளையும் கொன்னு வச்சிருக்காரு மனுஷன்.

அவரு வழக்கம்போல இடிஞ்ச வீட்டு மேலதான் இருந்தாரு. விடிஞ்சா அதுதான் வேலை. உடையாத செங்கல்லா பொறுக்கி, வெட்டுக்கத்தியோட பின்பக்கத்தால சிமெண்டைத் தட்டித் தட்டி எடுத்து ஓரமா அடுக்குறது. மூணு தடவை மலேசியா போய், செம்பனைத் தோட்டத்துல எட்டு வருஷம் குலை வெட்டிக் கட்டின வீடு. முன்னாடி ரெண்டு பெரிய தூண், தரையில டைல்ஸ், ஜன்னல்ல நீலக் கண்ணாடி. சுவத்துக்குள்ள கம்பி மட்டும் இல்ல. எங்க ஊர்ல யாரு வீட்டுலயும் இல்ல. வெளிய தெரியாததுக்கு யாரு செலவு பண்ணுவா? அதுக்குப் பின்னாடியே மாமனார் காலத்து மூங்கில் வீடு, எங்க அடுப்படி. அதுல ஒரு பத்தைகூட நகரல. செங்கல் வீடு உள்ளவங்க எல்லாரும் அதை மாட்டுக்கொட்டாய்னு கிண்டல் பண்ணினவங்கதான்.

மூணாவது வாரம் கூடாரத்துல ஒரு சண்டை. மறுபடி மலேசியா போறேன்னு ஆரம்பிச்சாரு. ‘உங்க மலேசியாக் காசுதான் எம் புள்ளையைத் தின்னுச்சு’ன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அவரு மலேசியான்னு வாயே திறக்கல. நான் போறேன்னு சொன்னப்பவும் தலையை மட்டும் ஆட்டினாரு.

"மஹ்சுன்!"னு கூப்பிட்டேன்.

தூக்கிவாரிப் போட்ட மாதிரி நிமிர்ந்தாரு. அந்தப் பேரைக் கேட்டு அவருக்கும் பத்து வருஷம் இருக்கும்.

"எம் பேரு என்ன?"

"என்ன ஆச்சு உனக்கு? வெயில்ல நின்னியா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. எம் பேரு என்ன?"

செங்கல்லைக் கீழ வச்சாரு. "மிஸ்னா"ன்னாரு.

"ஆங், ஞாபகம் இருக்கா? எப்படி மறக்கும், நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க. என்னைக் கொன்னு லிஸ்ட்ல ஒட்டிட்டு, நாப்பத்திரெண்டு நாளா என் கையால காப்பி வாங்கிக் குடிச்சிருக்கீங்க! அந்தச் சரிபா எனக்கு ஃபாத்திஹா ஓதுறா! ஊரே சிரிக்குது! பொண்டாட்டி மேல அப்படி என்ன கோவம் உங்களுக்கு? நான் போறேன்னு அப்பவே தெரியுமா? என்னைப் போகவிடாம பண்ணத்தான்..."

"இல்ல."

"பின்ன?"

அவரு தன் உள்ளங்கையைப் பாத்துக்கிட்டே பேசினாரு. "அவளை மண்ணுக்குள்ள வச்சுட்டு அப்பத்தான் வர்றேன். கையெல்லாம் மண்ணு. மிலிட்டரிக்காரன் ஒருத்தன் காகிதத்தோட நிக்கிறான். செத்தவங்க பேரு சொல்லுங்கிறான். வாய் வரைக்கும் வந்துச்சு. வெளிய வரமாட்டேங்குது. எழுதிட்டா அவ்வளவுதானே, முடிஞ்சு போயிடும்ல? அவன் சீக்கிரம் சீக்கிரம்கிறான், பின்னாடி வரிசை நிக்குது. ஏதோ ஒரு பேரு சொல்லியாகணும். யாரும் கூப்பிடாத பேரு ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு. அதைக் குடுத்துட்டேன்."

"அது என் பேரு!"

"தெரியும். நான்தானே உன்னைத் தூக்கிட்டு வந்தேன், அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லித்தானே உங்க வீட்டு வேலியோரம் மூணு மாசம் நின்னேன்." எங்க ஊர்ல கல்யாணம்னா அப்படித்தான், பொண்ணைத் திருடிட்டு வர்றது. "ஆனா நீ இனாக் நூரிமாவா இருந்தே. மிஸ்னா போனா யாருக்கும் நஷ்டமில்லைன்னு தோணுச்சு. நூரிமா போனா, நீயும் இல்ல, நானும் இல்ல."

எனக்கு அவரை அடிக்கணும்போல இருந்துச்சு. யாருக்கும் நஷ்டமில்லையாம்ல! அடிக்கத்தான் கையைத் தூக்கினேன். அதுக்குள்ள அவரு சொன்னாரு, "நீ சொன்னது சரிதான். தூணுக்குக் காசு குடுத்தேன், கம்பிக்குக் குடுக்கல. நான் கட்டின சுவருதான் அவ மேல விழுந்துச்சு. அதை என் கையால எப்படி எழுதச் சொல்றே?"

தூக்கின கை அப்படியே நின்னுச்சு.

யாருகிட்டயும் சொல்லாம வச்சிருந்தது ஒண்ணு என்கிட்டயும் இருந்துச்சு. அதைத் தூக்கிக்கிட்டுத்தான் ஜொகூர் வரைக்கும் ஓடப் பாத்தேன். அது பாட்டுக்கு வாயில வந்துடுச்சு.

"நான்தான் அவளை உள்ள அனுப்பினேன்."

"என்ன?"

"நீங்க மசூதியில இருந்தீங்க. நானும் அவளும் மூங்கில் அடுப்படியிலதான் இருந்தோம். கத்திரிக்கா நறுக்கிட்டு இருந்தேன், சம்பலுக்கு மிளகா இல்ல. வீட்டுக்குள்ள கூடையில இருக்கு, போய் எடுத்துட்டு வாடின்னேன். அப்புறம் எடுக்கிறேன்மான்னா. ஒரு வேலை சொன்னா உடனே செய்ய மாட்டியா, சோம்பேறின்னு திட்டினேன். போனா. சோம்பேறின்னு சொன்னதுதான் கடைசி. நான் இருந்த இடத்துல ஒரு சட்டிகூட உருளல."

அவரு என்னையே பாத்தாரு. இவ்வளவு நாளா புள்ள தூக்கத்துல போயிட்டான்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்காரு. இப்ப என்ன சொல்லப்போறாரோ, அந்த வெட்டுக்கத்தியை எடுத்தாலும் எடுக்கட்டும்னு நின்னேன்.

"எத்தனை மிளகா?"ன்னாரு.

என்ன கேள்வி அது! ஆனா நானும் பதில் சொன்னேன். "அஞ்சு."

"அஞ்சு"ன்னாரு. மறுபடியும் "அஞ்சு மிளகா"ன்னாரு. அப்படியே செங்கல் குவியல் மேல உக்காந்து ஓன்னு அழுதாரு. புள்ள மையத்தைத் தூக்கினப்பவும் அழாத மனுஷன். எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. பக்கத்துல போய் உக்காந்தேன். அவரு திட்டுவாரு, தலாக் சொல்லுவாரு, ஊரைக் கூட்டுவாருன்னு என்னென்னவோ பயந்து வச்சிருந்தேன். அவரு என் முக்காட்டு நுனியில மூக்கைத் துடைச்சுக்கிட்டாரு, அவ்வளவுதான்.

வெயில் தாழ்ந்தப்புறம் சொன்னாரு. "நாளைக்கு வர்றேன். ரெண்டு காகிதத்துலயும் கையெழுத்துப் போடுறேன். நீ போய்ட்டு வா. இங்க இருந்து செத்துக்கிட்டே இருக்காதே."

புதன்கிழமை காலையில சாட்சிக்கு ஊர்த் தலைவரும் சரிபாவும் வந்தாங்க. சரிபா, "மிஸ்னா, மிஸ்னா"ன்னு வாய்க்குள்ள சொல்லிப் பழகிக்கிட்டு இருந்தா. கையெழுத்துப் போட்டுட்டு, தண்ணி லாரிக்கு வரிசை நீளமா இருக்குன்னு வெளிய போய் நின்னா.

"இறந்தவர் பேரு?"ன்னான் சுஹார்தி.

எம் புருஷன் வாயைத் திறந்தாரு. உதடு ஆடுது, சத்தம் வரல. நான் அவரு முழங்கையைப் புடிச்சேன்.

"நூரிமா"ன்னேன்.

சொல்லிட்டேன். "வயசு?"ன்னான். "ஒன்பது"ன்னு ரெண்டு பேரும் சேந்து சொன்னோம்.

பிரிண்டர் கிர்ருன்னு துப்புச்சு. அவரு கையெழுத்துப் போட்டாரு. "இப்ப நீங்க உயிரோட இருக்கீங்கம்மா"ன்னு சுஹார்தி எனக்கு நல்ல சேதி சொன்னான். அதோட நிக்கலாம்ல? "அந்தப் பள்ளிக்கூடப் பையை மட்டும் திருப்பிக் குடுத்துடணும், அது உயிரோட இருக்கிற..."

"குடுக்க மாட்டேன்"னாரு எம் புருஷன். அவரு அவ்வளவு சத்தமாப் பேசி நான் கேட்டதில்ல. சுஹார்தி அந்தப் பேச்சை விட்டுட்டான்.

அடுத்தது சம்மதக் கடிதம். ‘என் மனைவி மிஸ்னா மலேசியா நாட்டில் வேலைக்குச் செல்ல முழு மனதுடன் சம்மதிக்கிறேன்.’ அவரு அதை ஒவ்வொரு எழுத்தாப் படிச்சாரு. போட்டாரு. காகிதத்தை என் பக்கம் தள்ளி, "போ"ன்னாரு. என்னைப் பாக்கல.

கீழே ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருந்துச்சு, போறவளும் போடணுமாம், அது மேல நான் கையெழுத்துப் போடணும். நாளைக்கு வேன். ஜொகூர்ல யாரும் என்னைப் பாத்து அழமாட்டாங்க. ஹம்தி மறந்துடுவான், நானும் மறந்துடுவேன். பேனாவை வாங்கினேன், ஒரே மூச்சுல போட்டேன்.

சுஹார்தி எடுத்துப் பாத்தான். "என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க?"ன்னு உச்சுக்கொட்டினான்.

குனிஞ்சு பாத்தேன். ஸ்டாம்ப் மேல, கொஞ்சம் வெளியயும் வழிஞ்சு, ரிப்போர்ட் கார்டுல போடுற அதே எழுத்து. ‘இனாக் நூரிமா.’

நான் மிஸ்னான்னுதான் எழுதினேன், அல்லா மேல ஆணையா அப்படித்தான் நெனச்சேன்.

"இது செல்லாது. அட்டையில மிஸ்னா, இங்க வேற பேரு. ஸ்டாம்பு வீணாப் போச்சு. போய் இன்னொண்ணு வாங்கிட்டு வாங்க, புது ஃபாரம் தர்றேன். மதியத்துக்குள்ள வந்துடுங்க"ன்னான்.

காகிதத்தையே பாத்துக்கிட்டு நின்னேன். மிஸ்னாவை அனுப்பி வச்சுட்டா எல்லாம் சரியாயிடும்னு நெனச்சேன். மிஸ்னாவுக்குக் கையெழுத்தே தெரியல. இந்தக் கைக்குத் தெரிஞ்சது ஒரே பேரு. இது மிளகா எடுத்துட்டு வான்னு சொன்னவ கைதான். ரிப்போர்ட் கார்டைப் பாத்து, கணக்குல ஏண்டி மார்க்கு கம்மின்னு கேட்டவ கையும் இதுதான். ஜொகூருக்குப் போனாலும் இதேதான் கூட வரும்.

"வேணாம்"னேன்.

"என்ன வேணாம்?"

"புது ஃபாரம் வேணாம்."

எம் புருஷன் பதறிட்டாரு. "அவசரப்படாதே. என்னை நெனச்சு இருக்க வேணாம். ஏஜென்ட்கிட்ட நான் சொல்லி..."

"உங்களை யாரு நெனச்சா? அந்தச் செங்கல்லைத் தட்டுறதை முதல்ல நிறுத்துங்க. எனக்கு மூங்கில் வீடுதான் வேணும். கம்பியும் வேணாம், தூணும் வேணாம். உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியாதா?"

நான் அந்தக் கெட்டுப்போன காகிதத்தை மடிச்சு இடுப்புல செருகிக்கிட்டு வெளிய வந்தேன்.

மைதானத்தோட அந்தக் கோடியில, தண்ணி லாரிகிட்ட சரிபா நின்னுக்கிட்டு இருந்தா. என்னைப் பாத்ததும் கையை ஆட்டி, "என்னாச்சு? குடுத்துட்டானா? மிஸ்னா!"ன்னு கத்தினா.

நான் திரும்பல.

"இனாக் ஹம்தி!"

"ஏண்டி, எம் பேரு உனக்குத் தெரியாதா?"ன்னு நானும் கத்தினேன். "பத்து வருஷமா கூப்பிட்டியே!"

வரிசையில நின்ன பொம்பளைங்க எல்லாம் குடத்தைக் கீழ வச்சுட்டாங்க. சரிபா வாயில முக்காட்டை வச்சு அழுத்திக்கிட்டா. அப்புறம் எடுத்துட்டு, அந்த மைதானத்துல இருந்த எல்லாக் கூடாரத்துக்கும் கேக்கிற மாதிரி கூப்பிட்டா.

"இனாக் நூரிமா!"

"ம், சொல்லு"ன்னேன்.